படத்தில் அறுந்த இடம்

அரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது. தீபாவளிக்கு வாங்கிய புதுச் சோப்பு உடம்புக்குச் சேரவில்லை என்றார் என் கணவர். சோப்பை மாற்றினேன், துணி துவைக்கும் பொடியை மாற்றினேன். அவர் குளித்துவிட்டு வந்து கதவு நிலையில் முதுகைச் சாய்த்து மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டு நிற்பார். உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் அதிகம் அரித்தன. சாகணில் இருக்கும் ஆலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டதாக ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். படுக்கை விரிப்பில் சின்னச் சின்ன ரத்தக் கோடுகள் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனி வெயிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீயைக் கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்தார். கண்ணின் வெள்ளைப் பகுதி முழுக்க மஞ்சள்.

"ஏனுங்க, கண்ணாடியில உங்க கண்ணப் பாத்தீங்களா?"

"அரே, தூக்கம் இல்லை, அதான். டென்ஷன் எடுக்காதே."

அவர் 'கவலைப்படாதே' என்று சொன்னதே இல்லை. பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த மராத்திச் சீமையில், நாங்கள் இருக்கும் தாபோடியில். வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவப் பொறியியல் கல்லூரிப் பட்டறை வேலைக்கு வந்த அப்பாவின் இரண்டாவது மகன். வீட்டுத் தமிழில் இரண்டு வார்த்தைக்கு ஒரு இந்தி, நடுவில் கொஞ்சம் மராத்தி. நான் பொள்ளாச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பேன். பிறகு என் மகளும் அப்படியே பேசத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஊருக்குப் போன் செய்தேன். "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடு சாமி, காமாலை எறங்கிப் போயிரும்" என்றார் அம்மா. எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாவும் அதே செடியைத்தான் சொன்னார், பெயர்தான் வேறு. அரைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். மஞ்சள் இறங்கவில்லை. தோலும் நிறம் மாறியது. சிறுநீர் கறுத்த டீ டிகாக்‌ஷன் போல இருந்தது. மலம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்துப் போனது. அதைத் தெருமுனை டாக்டரிடம் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இது தண்ணீரால் வருகிற காமாலை இல்லை, உள்ளே எங்கோ பித்தம் இறங்குகிற வழி அடைபட்டிருக்கிறது என்றார். வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குள் இருக்கும் குழாய்கள் வீங்கியிருந்தன. கல் எதுவும் இல்லை. 'கல் இல்லை' என்றதும் நான் சந்தோஷப்பட்டேன். கல் இருந்திருந்தால்தான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ராணுவக் குடியிருப்பான கேம்ப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே குடல் நோய்களைப் பார்க்கும் டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி, என் வயதிருக்கும். இந்தியில்தான் பேசினார். அவர் சொன்னதை என் நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். இடது கையின் இரண்டு விரல்களை விரித்துக் காட்டினார். கல்லீரலின் வலது பக்கத்திலிருந்து ஒரு குழாய், இடது பக்கத்திலிருந்து ஒரு குழாய், இரண்டும் இங்கே சேர்ந்து ஒன்றாகிக் குடலுக்கு இறங்கும் என்று விரல்கள் சேரும் இடத்தை அழுத்தினார். "அடைப்பு இங்கேதான் இருக்கும்போலத் தெரிகிறது."

அதைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு என்றார். ஒன்று எம்ஆர்சிபி. எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசியோ குழாயோ உடம்புக்குள் போகாது. பித்தக்குழாய் முழுவதும் படமாக வந்துவிடும். இன்னொன்று இஆர்சிபி. மயக்கம் கொடுத்து வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இறக்கி, இரைப்பையைத் தாண்டி, பித்தம் குடலில் விழுகிற துவாரம் வரைக்கும் போய், அதற்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள்.

"அதில் பார்ப்பதோடு வேலையும் செய்யலாம். அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாயை வைத்தால் பித்தம் இறங்கிவிடும், அரிப்பு போய்விடும். உள்ளே சுரண்டிப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கலாம். ஆனால் அதில் ஆபத்தும் இருக்கிறது. கணையம் வீங்கலாம், கிருமி தொற்றலாம். அதனால் முதலில் படம், பிறகு தேவைப்படுகிற வேலை."

வீட்டுக்கு வந்ததும் என் மச்சாண்டார் வந்தார். கணவருக்கு அண்ணன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் கேம்பில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் தனியாக இருக்கிறார். நான் அவரை 'மாமா' என்பேன். அவருக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் பித்தக்குழாயில் கல் மாட்டி, இதே இஆர்சிபி செய்திருந்தார்கள்.

"நான் சொல்றேன் பாரு. வாய் வழியா ட்யூப் விட்டான், கல்லை எடுத்தான், மறுநாள் வீட்ல உக்காந்து போஹா சாப்ட்டேன். டைரக்டா அதையே பண்ணிக்கோ. முதல்ல படம், அப்புறம் அது, எதுக்கு ரெண்டு வேலை? வேற ஆஸ்பத்திரில கேட்டேன், நாளைக்கே வா, பண்ணிடலாம்ங்கறான்."

என் மகள் பொறியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "பெரியப்பா, உங்களுக்கு கல் இருந்துச்சு. அப்பாக்கு கல் இல்ல. மத்லப்... கேஸ் வேற. எங்க ப்ளாக்னு தெரியாம உள்ள போனா இன்ஃபெக்‌ஷன் ஆகும்னு போட்டிருக்கு."

"நெட்ல எல்லாம்தான் போட்டிருக்கும்."

"அண்ணா, விடு" என்றார் என் கணவர், கையைச் சொறிந்துகொண்டே. "டாக்டர் சொன்ன மாதிரியே பண்ணலாம். படம் எடுக்கறதுல என்ன நஷ்டம்?"

நஷ்டம் இருக்கிறது என்று இயந்திரத்துக்குள் போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தக் குழாய்க்குள் தலை நுழைந்ததுமே கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தார்கள். வேர்வையில் நனைந்திருந்தார். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. "மூடி போட்ட மாதிரி இருக்கு, என்னால முடியாது" என்றார். ஸ்கேன் எடுக்கும் பையன், கூட ஒருவர் உள்ளே நிற்கலாம், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றான்.

வளையல்களைக் கழற்றினேன். தோட்டைக் கழற்றினேன். மூக்குத்தி பல வருஷமாக அசையாதது. கழிவறையில் சோப்பு நுரை வைத்துத் திருகி எடுத்தேன். பிறகு தாலிச் சங்கிலி. வெளியே நாற்காலியில் மச்சாண்டார் மட்டும்தான் இருந்தார். கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இதை என் கையில ஏம்மா குடுக்கறே?"

"வேற யாருகிட்டக் குடுக்கறதுங்க மாமா?"

கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டார். அதில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே போனபோது என் கணவர் என் வெறும் கழுத்தைப் பார்த்தார். "அரே, அதைக்கூட விடமாட்டானா?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவரைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். நான் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். இயந்திரம் சுத்தியலால் அடிப்பதைப் போலச் சத்தம் போட்டது. இடையிடையே ஒலிபெருக்கியில் ஒரு குரல், சாஸ் லோ, ரோகோ, சோடோ என்றது. மூச்சை இழு, நிறுத்து, விடு. ஒவ்வொரு தடவை நிறுத்தச் சொல்லும்போதும் அவர் பாதம் விறைக்கும். நானும் மூச்சை நிறுத்துவேன். வெளியே வந்தபோது என் விரல்களின் அடையாளம் அவர் காலில் பதிந்திருந்தது. மஞ்சள் தோலில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

மறுநாள் டாக்டர் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு மரம். இலை இல்லாத மரம். மேலே வலதும் இடதுமாகக் கிளைகள், தேவைக்கு மேல் பருத்தவை. கீழே மெல்லிய அடிமரம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அழிரப்பரால் அழித்துவிட்டதைப் போல ஒரு கறுப்பு இடைவெளி.

"அறுந்துடுச்சா?" என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன். என் கணவர் அதை மராத்தியில் சொன்னார்.

அறுந்துபோகவில்லை என்றார் டாக்டர். பித்தம் இருக்கிற இடம்தான் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தில் வழி அவ்வளவு குறுகிவிட்டதால் படத்துக்குப் பிடிபடவில்லை. "இதனால்தான் முதலில் படம் கேட்டேன். தெரியாமல் உள்ளே போய்ச் சாயத்தைச் செலுத்தியிருந்தால், வடிய வழியில்லாத கிளைகளில் சாயம் தேங்கிச் சீழ் வைத்திருக்கும். இப்போது எந்தக் கிளைக்குள் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும்."

"கேன்சரா?" என்று என் கணவர் நேராகக் கேட்டார்.

"அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் வேறு சில வீக்கங்களும் இதே மாதிரிப் படம் காட்டும். படத்தால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது."

இஆர்சிபிக்கு நாள் குறித்தார்கள். கணையம் வீங்கலாம் என்று திரும்பவும் சொன்னார்கள், நாங்கள் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டோம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை யாரும் படிப்பதில்லையே, அதைப் போலத்தான் அந்த வார்த்தைகள் எங்கள் காதில் விழுந்தன. காலையில் உள்ளே போனார். மத்தியானம் டாக்டர் தானே வெளியே வந்து, ஸ்டென்ட் வைத்தாயிற்று, பித்தம் நன்றாக இறங்குகிறது, குறுகிய இடத்தில் பிரஷ்ஷால் தேய்த்துச் செல் எடுத்து அனுப்பியிருக்கிறேன் என்றார். மச்சாண்டார் என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்ல?" என்றார்.

சாயங்காலம் வலி தொடங்கியது. முதலில் வாயுவாக இருக்கும் என்றார். கொஞ்ச நேரத்தில் கட்டிலின் பக்கக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் பிடித்த வலி முதுகைத் துளைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதன்பின் பேச்சு இல்லை. வாந்தி மட்டும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கணையம்தான் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. நனைத்த பஞ்சால் நான் உதட்டைத் துடைத்தால் பஞ்சைப் பல்லால் கவ்வுவார்.

"தண்ணி. ஒரு மடக்கு. யாருக்கும் தெரியாது."

"குடுக்கக் கூடாதாமுங்க."

"நீயே இப்படிச் சொன்னா?"

மச்சாண்டார் தினமும் வந்தார். உள்ளே வரமாட்டார். வராந்தாவில் நின்றுகொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு ஒண்ணும் ஆகலையே, அதே டெஸ்ட்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளியிடம்கூட இந்தியில் அதையே சொன்னார்.

அந்த வேதனைக்கு நடுவில்தான் பிரஷ் மாதிரியின் முடிவு வந்தது. புற்றுநோய்ச் செல் எதுவும் காணப்படவில்லை. டாக்டர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. 'காணப்படவில்லை' என்றால் 'இல்லை' என்று அர்த்தம் இல்லை என்று உடனே சேர்த்துச் சொன்னார். எங்கள் காதில் முதல் பாதிதான் ஏறியது. மச்சாண்டார் ஓடிப்போய்ப் பேடா வாங்கிவந்து நர்ஸுகள், ஆயாக்கள், லிஃப்ட்காரர் என்று எல்லோருக்கும் கொடுத்தார். பச்சைத் தண்ணீருக்கே அனுமதி இல்லாத மனிதர் கட்டிலில் கிடந்து கண்ணாடி வழியாக அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாகியிருந்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் கண் வெளுத்துவிட்டது, அரிப்பு அடியோடு நின்றுவிட்டது. தொட்டிலில் குழந்தை தூங்குவதைப் போலத் தூங்கினார். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

கொஞ்சம் தேறியதும் டாக்டர் எங்களை அழைத்தார். அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரும் உடன் இருந்தார். மாதிரியில் ஒன்றும் வராவிட்டாலும் படம் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள் இருவரும். இப்போதே அறுவை செய்து அந்தக் குழாயையும் கல்லீரலில் ஒரு பாதியையும் எடுத்துவிடுவது ஒரு வழி. பெரிய அறுவை. மேஜையிலேயே உயிர் போகிற வாய்ப்பும் உண்டு. எடுத்துப் பார்த்தபின் அது புற்றாக இல்லாமலும் போகலாம்.

என் கணவருக்குச் சாகணில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வெல்டிங் வைத்த பாகங்களைச் சோதிப்பவர். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து மராத்தியில் பேசினார். பிறகு எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார். "எங்க கம்பெனில வெல்டிங்கை ஸ்கேன் பண்ணுவோம். ஒரு கோடு தெரியும். உடனே லாட்டை ரிஜெக்ட் பண்ணமாட்டோம். ஒரு பீஸ் எடுத்து அறுத்துப் பார்ப்போம். அறுத்துப் பார்த்ததுதான் நிஜம், படம் சந்தேகம்தான். இவங்க என்னை அறுத்துப் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லைன்னு வந்தாச்சு. அப்புறமும் படத்தை நம்பிப் பாதி லிவரை எடுன்னா எப்படி?"

டாக்டர் கோபப்படவில்லை. "உங்கள் ஆலையில் கோடு தெரிகிற இடத்திலேயே அறுக்கலாம். இங்கே பிரஷ் தொட்ட இடத்தைத்தான் தொட்டது. இது குழாயின் சுவருக்குள் வளர்கிற நோய். மேலாகத் தேய்த்தால் பலமுறை அகப்படாது" என்றார்.

"பலமுறைன்னா, எனக்கு அப்படித்தான்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

வேண்டாம் என்றார் அவர். என்னைப் பார்த்தார். வலி பிடுங்கியெடுத்த அந்த உடம்பைத் திரும்பவும் மேஜையில் கிடத்த எனக்கும் மனம் வரவில்லை. நானும் வேண்டாம் என்றேன். மகள் மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில மாதம் கழித்து ஸ்டென்ட்டை மாற்றும்போது திரும்ப மாதிரி எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன. வேலைக்குத் திரும்பினார். எடை ஏறியது. காரமாக மிசல் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். மகளுக்கு இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லி, அவளிடம் திட்டு வாங்கினார். நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியிலிருந்து திருத்தக் கொண்டுவந்த தேர்வுத் தாள்களை எடுத்து வாசித்துச் சிரித்தார். வீட்டில் யாரும் 'அந்த' வார்த்தையைச் சொல்லவில்லை.

ஸ்டென்ட் மாற்றுகிற நாள் நெருங்கியதும் அவர் மாறிவிட்டார். இந்த வாரம் ஆடிட், அடுத்த வாரம் லீவு இல்லை என்று தள்ளிப்போட்டார். கடைசியில் டாக்டரிடமே கேட்டார், படம் மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாதா என்று. முதலில் எந்தக் குகைக்குப் பயந்தாரோ அதுதான் இப்போது அவருக்கு வேண்டியதாக இருந்தது. "அதுல தூங்கிக்கூடப் போயிடுவேன். இன்னொண்ணு வேண்டாம்" என்றார். டாக்டர் படம் எடுக்க ஒப்புக்கொண்டார், ஆனால் ஸ்டென்ட் மாற்றுவதற்குப் படம் பதிலாகாது என்றார். இந்தத் தடவை என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. பந்தை அழுத்தவும் இல்லை. படத்தில் அந்தக் கறுப்பு இடைவெளி நீண்டிருந்தது.

அதைப் பற்றிப் பேச நாங்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. ஆலைக்குப் போகிற வழியில், பஸ்ஸிலேயே குளிர் எடுத்துப் பல் கிட்டிப்போய் உடம்பு தூக்கிப் போட்டிருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கண் திரும்பவும் மஞ்சளாகியிருந்தது. காய்ச்சலில், "எம்ஆர்சிபி பண்ணச் சொல்லு, எம்ஆர்சிபி" என்று பிதற்றினார். தேர்ந்தெடுக்க இப்போது எதுவும் இல்லை. சீழை வடித்தாக வேண்டும், அதற்கு உள்ளே போயாக வேண்டும்.

வடித்தார்கள். காய்ச்சல் அடங்கிய பிறகு இன்னொரு முறை உள்ளே போனார்கள். இம்முறை பித்தக்குழாய்க்குள்ளேயே நுழைகிற மெல்லிய கேமராவை விட்டு, நேரில் பார்த்துக்கொண்டே சதைத் துணுக்குகளைக் கிள்ளி எடுத்தார்கள். அன்று சாயங்காலம் முழுவதும் அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். வலி வரவில்லை. கணையம் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலையில் இட்லி கேட்டுச் சாப்பிட்டார். அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

துணுக்கில் புற்றுநோய் இருந்தது.

அறுவை நிபுணர் புதிய படங்களைப் பார்த்துவிட்டு, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அது சுற்றிக்கொண்டுவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார். என் கணவர் டாக்டரிடம்தான் கேட்டார்.

"அப்பவே வெட்டியிருந்தா?"

டாக்டர் யோசித்தார். "தெரியாது. பிழைத்திருக்கலாம். திறந்து பார்த்து, அப்போதே பரவியிருக்கிறது என்று திரும்ப மூடியிருக்கவும் கூடும். அறுவையிலேயே போயிருக்கவும் கூடும். எது என்று என்னால் சொல்ல முடியாது."

"படம்தான் கரெக்டா சொல்லுச்சு" என்றார் என் கணவர்.

"படமும் சந்தேகம் என்றுதான் சொன்னது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் என்னிடம், "டாக்டரம்மா 'நான் சொன்னேன்ல'ன்னு ஒரு தடவைகூடச் சொல்லலை பார்த்தியா" என்றார். அவருக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

மருந்து ஏற்றினார்கள். நீடித்து நிற்கும் என்று உலோக ஸ்டென்ட் வைத்தார்கள். கோடையில் அரிப்பு திரும்பி வந்தது. ஈரத் துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். மகள் அப்பாவின் நகங்களை வாரம் ஒருமுறை வெட்டினாள், சொறிந்து கீறாமல் இருக்க. ஒருநாள் அவள் நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார், "உங்க அம்மாகிட்ட தமிழ்ல பேசு. அவளுக்கு இங்க தமிழ் பேச ஆள் இருக்காது." அவள் "பேசறேன் பப்பா" என்றாள். அவர் தவறைத் திருத்தினார்: "அப்பா." கணபதி பண்டிகை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மழை விடாத ஒரு மத்தியானம் வீட்டிலேயே போய்விட்டார்.

மச்சாண்டார் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நின்றார். அதன்பின் வருவது குறைந்தது. போன் செய்தால் இருமிவிட்டு, நன்றாக இருக்கிறேன் என்பார். குளிர் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். மேல் வயிற்றில் வலி வருகிறது, ரத்தப் பரிசோதனையில் ஏதோ கூடியிருக்கிறது, அதே டாக்டர் எம்ஆர்சிபி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். இருமினார். பிறகு, "தனியாப் போக முடியலைமா" என்றார்.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அதே வராந்தா. உள்ளே போகும் முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றினார். என்னிடம் நீட்டியவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டார்.

டாக்டர் படத்தை எங்கள் இருவருக்கும் காட்டினார். கறுப்பில் வெள்ளை மரம். கிளைகள் மெல்லியவை, அடிமரம் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இறங்கியது. எங்கும் இடைவெளி இல்லை. கல்கூட இல்லை. வலிக்கு இரைப்பைப் புண் காரணமாக இருக்கும், மாத்திரை போதும், உள்ளே குழாய் விடவே தேவையில்லை என்றார். எனக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அந்த முழு மரத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுபதைத் தாண்டியவரின் குழாயில் ஒரு குறையும் இல்லை.

படியில் இறங்கும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு எல்லாம் நல்லா இருக்கு மா" என்றார். குற்றம் செய்துவிட்டவர் சொல்வதைப் போலச் சொன்னார். அங்கேயே, ஆட்கள் ஏறி இறங்குகிற படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். தம்பி செத்தபோது அவர் அழுது நான் பார்க்கவில்லை.

நல்லதுங்க மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. ஆட்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு கீழே போய் ஆட்டோ ஒன்றை நிறுத்தி, அவரை ஏற்றிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். தாபோடிக்கு விடச் சொன்னேன். வீட்டில் மகள் இருந்தாள். பெரியப்பா சாப்பிட்டு நாளாயிற்று என்று அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வாங்க பெரியப்பா, சாதம் இருக்கு, உக்காருங்க" என்று தட்டெடுத்து வைத்தாள்.

அவர் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து பரிமாறினேன்.